வாடகைக்கு விடும் கோட்டை

குலசேகரத்தின் மகள் லக்ஷனா பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கென்று றெஜிபோம் என்ற நுரை அட்டையில் வெட்டி ஒட்டிய கோட்டையை, கழற்றிக் கொண்டுபோய் இரண்டாம்முறை பொருத்திப் பூட்டியபோது, அதைச் சுற்றி ஒருவரும் செய்யாத ஒரு மதில் வந்திருந்தது. முழங்கால் உயரத்துக்குக் கல் கல்லாக அடுக்கி, சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய மதில். தூக்கிப் பார்த்தால் றெஜிபோமின் பாரம்தான், அதாவது பாரமே இல்லை. பிரான்சில், தமிழ்க்கடைகள் நிறைந்த லா சப்பலில் விழாச் சோடனைச் சாமான் வாடகைக்கு விடும் ஜெனிற்றா, தன்னிடம் வேலைசெய்யும் மேரிறோஸ்தான் மினக்கெட்டு இதையும் செய்து சேர்த்திருக்கிறாள் என்று நினைத்து, சோடனை வான் ஓட்டிப் படமும் எடுக்கும் பிரின்ஸ்டனிடம் அவளைப் புகழ்ந்து பேசினாள். மேரிறோஸோ, நான்தான் செய்துவிட்டு மறந்துபோனேனாக்கும் என்று நினைத்தாள். மதிலில் குறைசொல்ல ஒன்றும் இல்லாதபடியால் அன்றைய முதல்நன்மை விழா மதிலோடேயே நடந்தது.

கோட்டை எப்படி உண்டானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பலசரக்குக் கடை வைத்திருக்கும் குலசேகரத்துக்குக் கோபம் மூக்கின் நுனியில் இருக்கும்; பாசமும் அங்கேதான் இருக்கும். மகளை இளவரசிபோல மேடையில் இருத்த, றோசாப்பூ நிறத்தில் கூம்புக் கோபுரங்களோடு ஒரு பிரெஞ்சு அரண்மனை வேண்டும் என்று கேட்டிருந்தார். படமும் கொடுத்திருந்தார். மேரிறோஸ் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்துவிட்டு, மார்க்ஸ் டோர்மோய்த் தெருவில் ஜெனிற்றாவின் கடை நிலவறைக்குள் வெட்டத் தொடங்கினாள். கை தன்பாட்டில் வெட்டியது. முடிந்து பார்த்தபோது, இரண்டாள் உயரத்தில் ஒற்றைச் சதுரக் கோபுரம் ஒன்று சாம்பல் நிறத்தில் நின்றது. கீழே கதவு கிடையாது. கதவு முதலாம் மாடியில் இருந்தது. அதற்கு ஏறப் படியும் கிடையாது. குலசேகரம் மண்டபத்துக்கு வந்து பார்த்துவிட்டு, "இதென்ன பிள்ளை, மறியல்வீடோ? கதவை மேலை கொண்டுபோய் வைச்சால் என்ரை பிள்ளை பறந்தோ உள்ளை போறது?" என்று துள்ளினார். ஆனால் ஐயர் வந்துவிட்டார், சனமும் வந்துவிட்டது. லக்ஷனா அந்தக் கோபுரத்துக்கு முன்னால் இருந்துதான் படம் எடுத்தாள். படங்கள் திறமாக வந்தன. அதற்குப் பிறகு எல்லோரும் அந்தக் கோட்டையைத்தான் கேட்டார்கள்.

மேரிறோசின் கைக்கு அந்தக் கோபுரம் எப்படித் தெரியும் என்றால், அவள் அதற்குள் ஒரு பனிக்காலம் முழுக்க இருந்தவள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மன்னாரிலிருந்து புறப்பட்டு, கலியாணமான புதிதில், புருசன் நீக்கிலாசோடு, ஆட்களைக் கள்ளமாய் வெளிநாட்டுக்கு ஏற்றும் ஏஜென்சிக்காரனின் கையில் அகப்பட்டு, பல தேசங்களைத் தார்ப்பாய்க்கு அடியில் கடந்து, இத்தாலியில் எங்கேயோ ஒரு மலைக்கோட்டையில் மற்ற ஆட்களோடு கொண்டுபோய் விடப்பட்டாள். வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. கதவு உயரத்தில் இருக்கும். காவல்காரக் கிழவி ஏணி வைத்து ஏறிப் பாணும் சூப்பும் தந்துவிட்டு, இறங்கி ஏணியை எடுத்துவிடுவாள். அந்தக் காலத்தில் எதிரி வந்தால் ஏணியை உள்ளே இழுத்துக்கொள்வதற்காக அப்படிக் கட்டியது. கிழவி அதை, உள்ளே இருப்பவர் வெளியேறாதபடி திருப்பிப் பாவித்தாள். அம்பு எய்யும் சன்னல்கள் வெளியே ஒரு கோடுபோல ஒடுங்கி, உள்ளே இரண்டு பேர் குந்தியிருக்கும் அளவுக்கு அகன்றிருந்தன. மேரிறோசும் நீக்கிலாசும் அப்படி ஒன்றுக்குள் இருந்துதான் அந்தப் பனிக்காலத்தைக் கழித்தார்கள். அவளுடைய வாழ்க்கையில் சந்தோசம் என்று சொல்லக்கூடியது அந்தச் சன்னலுக்குள் நடந்ததுதான்; அதை அவளே சொல்லுவாள், வெட்கப்படமாட்டாள்.

பனி கரைந்ததும் முதல் லொறி வந்தது. பொம்பிளைகளும் பிள்ளைகளும் முதலில் என்றான் ஏஜென்சிக்காரன். நீக்கிலாஸ் அவளை ஏற்றிவிட்டு, அடுத்த லொறியில் வாறன் என்றான். தார்ப்பாய் ஓட்டைக்குள்ளால் அவள் திரும்பிப் பார்த்தபோதுதான் கோட்டையை முதன்முதலாக வெளியிலிருந்து முழுதாகக் கண்டாள்: மதிலின் பற்கள் பாரைமீன் வால்போல இரண்டாகப் பிளந்திருந்தன. அடுத்த லொறி பிரான்சுக்கு வந்து சேரவில்லை. மலைப்பாதையில் பள்ளத்துக்குள் போனது என்றார்கள், எரிந்தது என்றார்கள். அதில் ஏறிய ஒருவரையும் பிறகு ஒருவரும் காணவில்லை. கோட்டையின் பெயரோ ஊரின் பெயரோ ஒருவருக்கும் தெரியாததால் போய்த் தேடவும் வழியிருக்கவில்லை. மேரிறோஸ் சில வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, நீக்கிலாசின் படத்துக்கு மாலை போட்டு, வருடாவருடம் பூசை ஒப்புக்கொடுத்து வந்தாள். மறுமணம் பேசி வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினாள்.

இனிக் கோட்டையின் கதை. மதில் வந்த பிறகு, அடுத்த கலியாணத்தில் முற்றத்தின் நடுவே ஒரு கிணற்று வாய் தெரிந்தது. கூரைத் தண்ணீரைச் சேர்த்துவைக்கும் தொட்டி. அதற்கடுத்து ஒரு சிறு கோவில். பிறகு இரட்டை வளைவுச் சன்னல் வைத்த மாளிகை ஒன்று மதிலோடு ஒட்டி எழும்பியது. சுவர் நெடுகச் சிறு சதுர ஓட்டைகள் இருந்தன. சாரம் கட்டிய மரங்களைச் செருகிய ஓட்டைகள் அவை. கொத்தனார் அடைக்காமல் போனதில் புறாக்கள் குடியிருந்தன. கடுகளவு புறாக்கள். பின்னர் ஆட்களும் தென்பட்டார்கள். மலையடிவாரத்தில் நின்று பார்த்தால் ஓர் ஆள் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் தெரிந்தார்கள். தொட்டால் விரலுக்கு றெஜிபோம்தான் படும், கண்ணுக்கு மட்டும் ஆட்கள் நடமாடுவார்கள். புறநகரான கார்ஜ் லே கொனெசில் நடந்த ஒரு பிறந்தநாளில் கோட்டையை யாரோ முற்றுகையிட்டார்கள். குழந்தைகள் கேக்கை மறந்து பார்த்தார்கள். ஒரு கலியாணத்தில் எந்தப் புகைக்கூண்டிலும் புகை இல்லை, கோவிலுக்குப் பின்னால் புதுக் குழிகள் இருந்தன. அது கொள்ளை நோய்க் காலம் என்று பிரின்ஸ்டன் எங்கேயோ படித்துவிட்டுச் சொன்னான். பீரங்கி வந்த பிறகு மதிலின் அடிப்பக்கம் சரிவாகத் தடித்தது. அந்தக் காலத்து இத்தாலியில் சக்கரவர்த்தியின் கட்சிக்காரர் மதிற்பல்லை மீன் வால்போலப் பிளந்து கட்டுவார்களாம், பாப்பரசரின் கட்சிக்காரர் சதுரமாகக் கட்டுவார்களாம். எங்கள் கோட்டை இரண்டு தரம் கட்சி மாறியது. ஊரில் போராளிகள் இயக்கம் இயக்கமாகப் பிரிந்ததைப் பார்த்த சனத்துக்கு இது விளங்காத விசயமல்ல, ஒருவரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை.

சனம் ஆச்சரியப்படாததற்கு வேறு காரணமும் உண்டு. விசா கிடைக்காது என்றிருந்த ஆளுக்குக் கிடைக்கிறது, கிடைக்கவேண்டிய ஆளுக்குக் கிடைக்கவில்லை. லா சப்பலில் இதைவிட அதிசயம் தினமும் நடக்கும். கோட்டையில் ஏதும் எரிந்தால் மாப்பிள்ளை வீட்டார், மணவறைக்குப் பக்கத்தில் புகை ஆகாது என்று முறைப்பாடு செய்வார்கள். ஜெனிற்றா ஈரத்துணியோடு போவாள். அவ்வளவுதான்.

மேரிறோஸ் மட்டும் ஒவ்வொருமுறையும் முன்வரிசையில் நின்று பார்த்தாள். முதலில் பயந்தாள். பிறகு, அவள் இருந்தபோது இல்லாத மரத் தாழ்வாரம் ஒன்று வந்து, எரிந்து, இல்லாமல் போனபோது, அவளுக்குச் சட்டென்று விளங்கியது: இது இன்னும் அவளுடைய கோட்டை ஆகவில்லை, அவளுடைய கோட்டையாக வந்துகொண்டிருக்கிறது. பழைய நூற்றாண்டுகளிலிருந்து நடந்து வருகிறது. வந்துகொண்டேயிருந்தால் ஒருநாள் அந்தப் பனிக்காலத்துக்கும் வரும். அன்றைக்கு வானுக்குப் பக்கத்தில் நின்று பிரின்ஸ்டனின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "தம்பி, அது அந்த வருசத்துக்கு வரட்டும். நான் போன பிறகு, மற்ற லொறி வரமுந்தி, அந்த இடைக்குள்ளை ஒருக்கால் பிடிச்சிட்டன் எண்டால் காணும். ஏறாதேங்கோ எண்டு அவருக்குச் சொல்லிப்போடுவன்." பிரின்ஸ்டன் சிரிக்கவில்லை. "ஓம் அக்கா, பிடிப்பம்" என்றான்.

அந்த இடைக்காலம் கண்ணில் படாமல் தாண்டிவிடக்கூடாதே என்பதற்காக, அதன்பிறகு மேரிறோஸ் ஆட்களைக் கொண்டாடவைத்தே தீருவேன் என்று நின்றாள். பிள்ளைக்குப் பல்லு முளைத்ததோ, கோட்டை வையுங்கோ. சலூன் திறக்கிறீர்களோ, கோட்டை வையுங்கோ. கோட்டைக்குக் கழற்றி அடுக்கியிருக்கும்போதுதான் வயது கடகடவென்று போகிறது என்பதையும், பூட்டி நிற்கும்போது அது எங்களைப்போல மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் நடக்கிறது என்பதையும் அவள்தான் கண்டுபிடித்தாள். நூற்றாண்டுகள் மெல்ல ஓடின. கோட்டையை ஆண்ட பிரபுவின் வம்சம் அற்றுப்போய், ஊர்க்காரர் மாளிகைக்குள் வைக்கோல் அடைந்தார்கள். கூரை விழுந்தது. ஆடுகள் படுத்தன. பிறகு தொப்பி போட்ட சிப்பாய்கள் வந்து போனார்கள். மேரிறோசுக்குத் தலை நரைத்தது, முழங்கால் பிடிக்கத் தொடங்கியது, லக்ஷனா படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டாள். மேரிறோசுக்கு இப்போது பயம் வேறு விதமாக வந்தது. ஒருநாள் கூடுதலாக அடுக்கிக் கிடந்தால் அந்தக் கிழமையைத் தாண்டிவிடுமே, பிறகு ஆயுளுக்கும் பிடிக்க முடியாதே என்று சாப்பாடு இறங்காமல் திரிந்தாள்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை, கார்ஜில் நடந்த கலியாணத்தில், கோட்டைக்கு மேல் பனி கொட்டியது. மண்டபத்தில் வேறெங்கும் இல்லை. பனிக்குள் ஒரு லொறி வந்து நின்று, போர்வை போர்த்திய ஆட்கள் இறங்கினார்கள். ஒரு பெட்டை மதிலைப் பிடித்துக் குனிந்து சத்தி எடுத்தாள். ஒரு பெடியன் அவளுடைய முதுகைத் தடவிவிட்டான். மேரிறோஸ் தன் முதுகைத் தானே தொட்டுப் பார்த்தாள். மறுநாள் பக்கத்து ஊரான ஸ்தேனில் குலசேகரத்தின் அறுபதாவது பிறந்தநாளுக்குக் கோட்டை போகவேண்டும். வானில் அடுக்கிக் கொண்டுபோனால் வருடக்கணக்காகத் தாண்டிவிடும். மேரிறோஸ் குலசேகரத்துக்குப் போன் அடித்து அழுதாள். அவர் வழக்கம்போல முதலில் கத்தினார், பிறகு தன் திறந்த லொறியை அனுப்பினார். மண்டபக் கதவால் வெளியே எடுக்க மட்டும் கழற்றி, அவசர அவசரமாக லொறியிலேயே திரும்பப் பூட்டினார்கள். அதற்குள் பனி பாதி கரைந்துவிட்டது. கோட்டை நின்ற நிலையிலேயே கார்ஜிலிருந்து ஸ்தேனுக்குப் போனது. வழியில் மறித்த பொலிஸ்காரர் படம் எடுத்துக்கொண்டு விட்டுவிட்டார்கள். ஸ்தேனில் இறக்கிப் பூட்டியபோது மலையில் புல் முளைத்திருந்தது. முற்றத்தில் ஆம்பிளைகள் மட்டும் இருந்தார்கள்.

கோபுரத்துச் சன்னலில் நீக்கிலாஸ் இருந்தான். மேரிறோஸ் மேடைக்கு ஏறிக் கூப்பிட்டாள், கேட்கவில்லை. எப்படிக் கேட்கும்? குலசேகரத்தின் மருமக்கள் கொண்டுவந்த ஸ்பீக்கர்கள் மண்டபத்தின் தூண்களையே ஆட்டிக்கொண்டிருந்தன. அவள் மைக்கோடு நின்ற குலசேகரத்துக்கு முன்னால் போய் நின்றாள். அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார், கோட்டையைப் பார்த்தார். பிறகு மைக்கில், "உந்தப் பாட்டை நிப்பாட்டுங்கோடா! அந்தப் பிள்ளை கதைக்கட்டும்!" என்று போட்ட சத்தத்தில் மண்டபம் அடங்கியது. பொரித்த ரோல்ஸைக் கடித்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

"இஞ்சருங்கோ!" என்று மேரிறோஸ் கூப்பிட்டாள். "நீக்கிலாஸ்!"

சன்னலில் இருந்த சின்ன உருவம் எழும்பியது. குரல் மலைக்கு மேலிருந்து வருவதுபோல மெல்லிசாக வந்தது. "ஆரது? தமிழோ? ஆரம்மா நீங்கள்?"

அவனுக்கு அவள் முந்தநாள் லொறி ஏறிய இளம் பெட்டை. இந்த உடைந்த குரலில் நான்தான் மேரிறோஸ் என்றால், பேயென்று பயந்து லொறியை நோக்கி ஓடுவான். "நான் பிரான்சிலை இருக்கிறனான், தம்பி" என்றாள். புருசனை அவள் தம்பி என்று கூப்பிட்டது அதுதான் முதல்தரம்.

"பிரான்சோ! அம்மா, மேரிறோஸ் எண்டு ஒரு பிள்ளை முந்தநாள் வெளிக்கிட்டவ. சேர்ந்திட்டாவோ?"

"ஓம் தம்பி. சுகமாச் சேர்ந்திட்டா."

"சாப்பிட்டவளோ? அவளுக்கு லொறி ஓட ஓடச் சத்தி வரும். தேசிக்காய் மணக்கச்சொல்லிக் குடுத்துவிட்டனான்."

மண்டபத்தில் பொம்பிளைகள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "சாப்பிட்டவ" என்றாள் மேரிறோஸ். "தம்பி, உமக்கு ஒண்டு சொல்லவேணும். இண்டைக்கு வாற லொறியிலை ஏறாதையும். உம்மைக் கும்பிட்டன், ஏறாதையும். அது போய்ச் சேராது."

அவன் சிரித்தான். "என்னம்மா கதைக்கிறியள்? அவ அங்கை தனிய. பாசையும் தெரியாது. வாறன் எண்டு சொன்னனான், நான் போகத்தான் வேணும்."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அவளிடம் வரத்தான் அவன் ஏறப்போகிறான். அவள்தான் அவனைக் கொல்லப்போகிறாள். மதிலுக்கு வெளியே தூசி கிளம்பியது. மேரிறோஸ் கண்ணை மூடிக்கொண்டு, பிறந்ததிலிருந்து சொல்லாத பொய்யைச் சொன்னாள்: "அவ திரும்பி வாறா, தம்பி. உம்மட்டைத்தான் வாறா. நீர் வெளிக்கிட்டீர் எண்டால் ரெண்டு பேரும் வழியிலை மாறிப் போயிடுவியள். அங்கையே நில்லும்."

"உண்மையாவோ? எப்ப வருவா?"

"வருவா."

"ஊர்ப் பேர் அவவுக்குத் தெரியாதே, அம்மா."

"அது ஆருக்குத் தெரியும்? உமக்குத் தெரியுமோ?"

"எனக்குமெல்லோ தெரியாது" என்றான் நீக்கிலாஸ். "சரி, வரட்டும். நான் நிக்கிறன்."

லொறி வந்தது. மேரிறோஸ் தொண்டை கிழியக் கத்தி மற்றவர்களையும் தடுத்துப் பார்த்தாள். சிலர் தயங்கினார்கள், கடைசியில் அவர்களும் ஏறினார்கள். நீக்கிலாஸ் ஏறவில்லை. ஏஜென்சிக்காரன் அடித்துப் பார்த்தும் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றான். லொறி போன பிறகு முற்றத்தில் அவனும், அவனைப் பார்த்துத் தலையில் கைவைத்த காவல்காரக் கிழவியும்தான் மிஞ்சினார்கள். குலசேகரம் கேக்கை வெட்டினார். அன்றைக்கு மேரிறோஸ் வீட்டுக்குப் போனபோது, நீக்கிலாசின் படத்துக்குப் போட்டிருந்த மாலை நிலத்தில் கிடந்தது. எடுத்துப் போட்டாள், கழன்று விழுந்தது. ஆணி அடித்தாள், ஆணியும் விழுந்தது. அவள் அந்த மாலையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். இவ்வளவு காலமும் ஒப்புக்கொடுத்த பூசைகள் என்ன ஆகும் என்று பங்குச் சுவாமியைக் கேட்டதற்கு, தேவையான ஆருக்கேனும் போய்ச் சேர்ந்திருக்கும் என்றார்.

மண்டபத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டியிருந்தபடியால் கோட்டையைக் கழற்றத்தான் வேண்டியிருந்தது. சில கிழமை கழித்து, கார்ஜில் இன்னொரு கலியாணத்துக்குப் பூட்டியபோது அது நாங்கள் இருக்கும் வருடத்துக்கே வந்து, மேலே போக வருடம் இல்லாமல் நின்றுவிட்டிருந்தது. சரிவில் ஒரு கைபேசிக் கோபுரம் தெரிந்தது. விழுந்த கூரை திரும்ப ஓடு வேயப்பட்டிருந்தது. முற்றத்தில் ஒரு நரைத்த மனிசன் ஏணியில் நின்று மதிலின் உடைந்த மீன்வால் ஒன்றுக்குச் சாந்து பூசிக்கொண்டிருந்தான். மேரிறோஸ் கூப்பிட்டாள். இந்த முறை பாட்டை நிறுத்தச்சொல்லி ஒருவரும் சொல்லத் தேவையில்லை, தானாகவே நிறுத்தினார்கள்.

அவன் சாந்தகப்பையைக் கீழே வைத்தான். "அந்த அம்மாவோ? அண்டைக்குச் சொன்ன அம்மாவோ? சீவனோடை இருக்கிறியளோ?" என்றான். கோபமில்லை. "அவ இன்னும் வரேல்லை, அம்மா. கிழவியும் செத்துப்போச்சு. நான்தான் இப்ப இதுக்குக் காவல். வாறவைக்குக் கோபுரம் காட்டுறன்."

"இஞ்சருங்கோ" என்றாள் அவள். "நான்தான். மேரிறோஸ்."

பிரின்ஸ்டன் மாப்பிள்ளை பொம்பிளையைப் படம் எடுத்து, தாய் தகப்பனோடு எடுத்து, மாமன்மாரோடும் எடுத்து முடித்தான். அதன்பிறகுதான் மேலேயிருந்து குரல் வந்தது.

"ஏனப்பா இவ்வளவு சுணங்கினீர்?"

"இடம் தெரியேல்லை" என்றாள் மேரிறோஸ்.

அவன் இடத்தைச் சொன்னான். றொக்கசோலா என்ற ஊர். வட இத்தாலியின் பியேமோந்து மலைக்குள், ரயிலால் இறங்கி பஸ் எடுக்கவேண்டும், ஞாயிற்றுக்கிழமையில் பஸ் இல்லை. மேரிறோஸ் ஞாயிறு முடியும்வரை பொறுத்திருந்து திங்கட்கிழமை வெளிக்கிட்டாள். ஜெனிற்றா இத்தாலிக்கு ரயில் வெளிக்கிடும் லியோன் ஸ்ரேசனுக்கு வந்து ஏற்றிவிட்டாள். குலசேகரம் மிளகாய்த்தூளும் கருவாடும் பெட்டி நிறையக் கட்டிக் கொடுத்துவிட்டு, பாரம் கூடிப்போச்சு என்று தானே ஏசினார். அந்தக் கிழமை பூட்டிய கோட்டையில், மலைப்பாதையால் ஒரு பொம்பிளை பெட்டி இழுத்துக்கொண்டு மெல்ல ஏறுவதையும், இடையில் நின்று முழங்காலைப் பிடிப்பதையும், மேலேயிருந்து ஓர் ஆள் ஏணியையும் மறந்து குதித்து ஓடி வருவதையும் நூற்றுக்கணக்கான பேர் கண்டார்கள்.

கோட்டை இப்போதும் வாடகைக்குப் போகிறது. சாமத்திய வீடு, கலியாணம், முதல்நன்மை எதுவானாலும் ஜெனிற்றாவிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். படத்தில் குறை வரக்கூடாது என்று பார்ப்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு: சில நாட்களில் மதிற்பல்லுக்கும் மதிற்பல்லுக்கும் இடையில் கொடி கட்டி, ஆம்பிளைச் சாரமும் பொம்பிளைச் சட்டையும் காயப்போட்டிருக்கும். அப்படியானால் மேடைக்குக் கிட்டப்போய் நின்று ஒருக்கால் கூப்பிட்டுச் சொன்னால் போதும், மேரிறோஸ் மதிலுக்கு மேல் வந்து எடுத்துவிடுவாள்.